ஆங்கிலத்தில் ‘லேட்’ என்ற பெயரடையைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

மும்பையில் வாழும் தமிழர்கள் நாள்தோறும் தமிழ்போலவே பேசிவிடும் ஆங்கிலச் சொற்களுள் ‘லேட்’ முதல் வரிசையில் நிற்பது. சயான் நிலையத்துப் பிளாட்பாரத்திலிருந்து வீட்டுக்குப் பேசுகிறவர் “வண்டி லேட்டு” என்கிறார். அலுவலகத்திலிருந்து திரும்பியவர் “இன்னைக்கு லேட்டாயிடுச்சு” என்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் “லேட் பண்ணாம கிளம்பு” என்று விரட்டிவிட்டு, “லேட்டா போனா கேட்டைப் பூட்டிடுவாங்க” என்றும் சேர்த்துச் சொல்கிறார். இந்த நான்கு வாக்கியங்களையும் சற்று உற்றுப் பார்த்தால், வெளியிலிருந்து வந்த சொல் தமிழ் இலக்கணத்துக்குள் முழுவதுமாக அடங்கிவிட்டது தெரியும். முதல் வாக்கியத்தில் அது வினைச்சொல் எதுவும் இல்லாமல் தானே பயனிலையாக நிற்கிறது. இரண்டாவதில் ‘ஆகு’ என்ற வினையோடும், மூன்றாவதில் ‘பண்ணு’ என்ற வினையோடும் சேர்ந்துகொள்கிறது. நான்காவதில் ‘ஆ’ என்ற ஒட்டை ஏற்று வினையடையாகிவிடுகிறது.

இவை எல்லாமே நல்ல பேச்சுத் தமிழ். அவற்றில் குறை காண ஒன்றுமில்லை. அதே மனிதர் தம் சூப்பர்வைசருக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. தமிழ் இலக்கணத்தில் பழகிப்போன அந்த ‘லேட்’டையே எடுத்து ஆங்கில வாக்கியத்துக்குள் வைத்துவிடுகிறார். ‘டோன்ட் லேட்’, ‘வொய் லேட்?’, ‘சாரி ஃபார் லேட்’, ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’ போன்ற தொடர்கள் இப்படிப் பிறப்பவையே. புதிய சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார். நன்கு தெரிந்த சொல் என்பதால் புரட்டத் தோன்றுவதில்லை. ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அது எந்த இடத்தில் நிற்கும், எவற்றோடு சேரும், எங்கே பொருள் மாறும் என்பவற்றைத் தொடக்க நிலையில் கற்போருக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘லேட்’ பெயரடையாக வரும், வினையடையாகவும் வரும். தாமதம் என்ற பொருளில் அது பெயர்ச்சொல்லாக வராது. தாமதப்படுத்து என்ற பொருளில் வினைச்சொல்லாகவும் வராது. ஆங்கிலப் பெயரடை ஒன்று ஒருவருடைய நிலையைச் சொல்லும் பயனிலையாக வர வேண்டுமானால், அதற்கு முன்னால் ஒரு வினை, பெரும்பாலும் ‘பீ’ என்ற வினையின் ஏதேனும் ஒரு வடிவம், அதாவது ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், வில் பீ என்பவற்றுள் ஒன்று, இருந்தே தீர வேண்டும். தமிழில் இந்தத் தேவை இல்லை. “அவர் ஆசிரியர்”, “இந்த ஊர் பெரிது”, “வண்டி லேட்டு” ஆகிய வாக்கியங்கள் எந்த வினையும் இல்லாமல் நிறைவடைகின்றன. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் தொடர்வதால்தான் நாம் ‘ஆம்’, ‘இஸ்’ ஆகியவற்றை விட்டுவிடுகிறோம்.

‘ட்ரெயின் லேட்’ என்று சொல்லாமல் ‘தி ட்ரெயின் இஸ் லேட்’ என்று சொல்ல வேண்டும். ‘ஐ லேட் டுடே’ என்பது ‘ஐ ஆம் லேட் டுடே’ என்று ஆக வேண்டும். நேற்றைக்கு ‘ஐ வாஸ் லேட்’. நாளைக்கு ‘ஐ வில் பீ லேட்’. காலத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதையும் ‘பீ’ வினையே சுமக்கிறது. ‘லேட்’ எந்தக் காலத்திலும், ஒருமையிலும் பன்மையிலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவில் நிற்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை தாமே சரியாகிவிடும். ‘டோன்ட்’ என்பதற்குப் பின்னால் வினைச்சொல் வேண்டும். ‘லேட்’ வினை அன்று. ஆகையால் ‘டோன்ட் பீ லேட்’ என்று வினையை இடையில் சேர்க்கிறோம். “ஏன் லேட்டு?” என்ற கேள்வி ‘வொய் ஆர் யூ லேட்?’ என்று ஆகிறது. ‘சாரி ஃபார்’ என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ பெயர்போல் நிற்கும் வடிவமோ வேண்டும். ‘லேட்’ அப்படி நிற்காது. ஆகையால் ‘சாரி ஃபார் பீயிங் லேட்’ என்றோ, இன்னும் எளிமையாக ‘சாரி, ஐ ஆம் லேட்’ என்றோ சொல்கிறோம். பின்னது குறுகியதாகவும் இயல்பானதாகவும் இருப்பதால், வகுப்பறைக்குள்ளோ கூட்டத்துக்குள்ளோ நுழையும்போது அதைச் சொல்லிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

“லேட் பண்ணிட்டான்” என்ற தமிழ் வாக்கியத்துக்குச் சற்றுக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. தமிழில் அந்த ஒரே வாக்கியம் மூன்று செய்திகளில் எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். அவன் தானே தாமதமாக வந்திருக்கலாம். அப்போது ‘ஹி வாஸ் லேட்’. அவனால் நமக்குத் தாமதமாகியிருக்கலாம். அப்போது ‘ஹி மேட் மீ லேட்’. முடிக்க வேண்டிய ஒரு வேலையை அவன் இழுத்தடித்திருக்கலாம். அப்போது ‘லேட்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, ‘டிலே’ என்ற வினையைக் கொண்டு ‘ஹி டிலேய்டு தி வொர்க்’ என்று சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன்பே, இந்த மூன்றில் நாம் சொல்ல விரும்புவது எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தாமதம் என்பதைச் சொல்வதில் தமிழரின் பழக்கம் முழுக்க உதவியாகவே இருக்கிறது. “பத்து நிமிஷம் லேட்டு” என்று அளவை முன்னால் வைத்துப் பேசுகிறோம்; ஆங்கிலமும் ‘டென் மினிட்ஸ் லேட்’ என்று அதே வரிசையைத்தான் கேட்கிறது. ‘பீ’ வினையை மட்டும் முன்னால் சேர்த்து, ‘ஐ ஆம் டென் மினிட்ஸ் லேட்’ என்றால் போதும். ரயில் நிலைய அறிவிப்புகளில் ‘ரன்னிங் லேட் பை டென் மினிட்ஸ்’ என்று கேட்டுப் பழகியவர்கள், பேச்சிலும் ‘ஐ ஆம் லேட் பை டென் மினிட்ஸ்’ என்கிறார்கள். அதுவும் பிழையில்லை, ஆனால் அதில் அறிவிப்பின் விறைப்பு சற்றுத் தெரியும். நண்பரிடமோ உடன் வேலை செய்பவரிடமோ பேசும்போது முதல் வடிவமே இயல்பாக ஒலிக்கும்.

இப்போது மும்பையில் மிகப் பரவலாகக் கேட்கும் ஒரு வாக்கியத்துக்கு வருவோம். வீட்டுக்கு வந்த விருந்தினர் எழுந்து “ஐ ஆம் கெட்டிங் லேட்” என்று சொல்லிச் செருப்பைத் தேடுகிறார். “எனக்கு லேட்டாகுது” என்பதை அவர் அப்படியே ஆங்கிலமாக்கியிருக்கிறார். பக்கத்து வீட்டு இந்திக்காரரும் “முஜே லேட் ஹோ ரஹா ஹை” என்பதை அதே விதமாகத்தான் ஆங்கிலமாக்குகிறார். மராத்தி பேசும் நண்பருக்கோ “மலா உஷீர் ஹோத்தோய்” என்ற தொடர் மனத்துக்குள் இருக்கிறது. மூன்று மொழிகளிலும் தாமதம் என்பது ஒருவருக்கு ‘ஆகிற’ ஒன்று. ஆகவே இந்த நகரத்தில் யார் யாரிடம் இதைச் சொன்னாலும் காதில் உறுத்துவதில்லை. உறுத்தாததால் யாரும் திருத்துவதுமில்லை. நம் நாட்டுக்குள் பேச்சில் இது எல்லோருக்கும் விளங்கிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலையில் இருப்பவரும், நேர்முகத் தேர்வுக்கோ மொழித் தேர்வுக்கோ அணியமாகிறவரும் பொதுவான ஆங்கில வழக்கைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

அந்த வழக்கில் ‘கெட்டிங் லேட்’ என்பது பொழுதைப் பற்றிய தொடர். ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்றால் நேரமாகிக்கொண்டிருக்கிறது, இருட்டிவருகிறது, கிளம்ப வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள். அங்கே எழுவாய் ‘இட்’. நம்முடைய நிலையைச் சொல்ல விரும்பினால் வேறு தொடர்கள் இருக்கின்றன. அவற்றை நேர வரிசையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

சயானில் ஸ்லோ லோக்கலைப் பிடித்து, காலை 9 மணிக்கு விக்ரோலியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். மணி 8.40 ஆகிவிட்டது, பரேல் பக்கம் சிக்னல் கோளாறு, வண்டி இன்னும் வந்து சேரவில்லை. அவர் தம் மேலாளருக்கு அனுப்ப வேண்டிய செய்தி ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்பது. குறித்த நேரத்துக்குப் பின்தங்கிவிட்டேன், ஆனால் வழியில்தான் இருக்கிறேன் என்ற இரண்டு செய்திகளையும் அந்தத் தொடர் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. எப்போது வந்து சேர்வார் என்பதையும் சொன்னால் மேலாளருக்கு உதவியாக இருக்கும்: ‘ஐ வில் பீ அபவுட் ஃபிஃப்டீன் மினிட்ஸ் லேட்’. 9.15-க்கு உள்ளே நுழையும்போது ‘சாரி, ஐ ஆம் லேட்’. மாலையில் தோழியிடம் அதையே கதையாகச் சொல்லும்போது ‘ஐ வாஸ் லேட் திஸ் மார்னிங்’. வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே தாமதமாகிவிடும் என்று தெரிந்திருந்தால், ‘ஐ ஆம் கோயிங் டு பீ லேட்’ என்று சொல்லியிருப்பார். இந்த ஐந்து இடங்களிலும் ‘கெட்டிங்’ என்ற சொல் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

‘லேட்’டுக்குப் பின்னால் வரும் சிறு சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த நிகழ்ச்சிக்கு, எந்த வேலைக்குத் தாமதம் என்பதைச் சொல்ல ‘ஃபார்’ வரும்: ‘லேட் ஃபார் வொர்க்’, ‘லேட் ஃபார் தி மீட்டிங்’. கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்கத் தவறினால் ‘வித்’ வரும்: வீட்டு வாடகை கொடுப்பதில் தாமதமானால் ‘ஐ ஆம் லேட் வித் தி ரென்ட்’. ஒரு செயலைச் செய்வதில் தாமதம் என்றால் ‘இன்’ வந்து, அதைத் தொடர்ந்து ‘இங்’ வடிவ வினை வரும்: ‘ஐ வாஸ் லேட் இன் ரிப்ளையிங்’. ‘லேட் டு வொர்க்’ என்பதும் அமெரிக்கர் பேச்சில் கேட்கும். தொடக்கத்தில் ‘ஃபார்’ என்பதையே கைக்கொள்வது பாதுகாப்பானது.

இதுவரை பெயரடையைப் பார்த்தோம். ‘லேட்’ வினையடையாக வரும்போது, ஏற்கெனவே ஒரு வினைச்சொல் வாக்கியத்தில் இருப்பதால் ‘பீ’ வினை வேண்டியதில்லை. ‘ஐ கேம் லேட்’, ‘தி ஷாப் ஓப்பன்ஸ் லேட் ஆன் சண்டேஸ்’, ‘ஷி வொர்க்ஸ் லேட்’ ஆகியவை சரியான வாக்கியங்கள். முன்பு சொன்ன விதியைக் கற்றுக்கொண்ட ஆர்வத்தில் சிலர் இங்கும் ‘வாஸ்’ என்பதைச் சேர்த்து ‘ஐ வாஸ் கேம் லேட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்று ‘ஐ வாஸ் லேட்’, அல்லது ‘ஐ கேம் லேட்’. இரண்டும் கலக்கக் கூடாது.

பள்ளியில் நாம் படித்த ஒரு விதி இந்த இடத்தில் நம்மை வழிதவறச் செய்கிறது. பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை கிடைக்கும் என்று படித்திருக்கிறோம்: ‘ஸ்லோ’ என்பதிலிருந்து ‘ஸ்லோலி’, ‘க்விக்’ என்பதிலிருந்து ‘க்விக்லி’. அதே கணக்கில் ‘லேட்லி’ என்றால் ‘தாமதமாக’ என்று நினைத்து ‘ஹி கேம் லேட்லி’ என்று எழுதுகிறோம். ஆனால் ‘லேட்லி’ என்பதற்கு ‘சமீப காலமாக’ என்று பொருள். தாமதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘தி ட்ரெயின்ஸ் ஹேவ் பீன் வெரி க்ரவுடட் லேட்லி’ என்றால், அண்மைக் காலமாக வண்டிகளில் கூட்டம் அதிகமாக இருக்கிறது என்று பொருள். பல அலுவலகங்களில் மஸ்டர் எனப்படும் வருகைப் பதிவேட்டில் தாமதமாகக் கையெழுத்திட்டால் ‘லேட் மார்க்’ விழும். சில இடங்களில் மூன்று லேட் மார்க் சேர்ந்தால் அரை நாள் விடுப்பைக் கழித்துக்கொள்வார்கள். “இப்பல்லாம் நிறைய லேட் மார்க் விழுது” என்று சொல்ல விரும்பும் ஒருவர் ‘ஐ ஹேவ் பீன் கெட்டிங் மெனி லேட் மார்க்ஸ் லேட்லி’ என்று சொல்வார். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்களும் தத்தம் பொருளில் நிற்பதைக் காணலாம்.

அடுத்ததாக ‘லேட்டர்’. தொலைபேசியில் பேச முடியாத நேரத்தில் நம்மவர்கள் ‘ஐ வில் கால் யூ லேட்’ என்று செய்தி அனுப்புவதுண்டு. சொல்ல நினைத்தது “அப்புறம் கூப்பிடறேன்” என்பது. ஆனால் ‘லேட்’ என்ற சொல், குறித்த நேரத்தைத் தாண்டியோ இரவு வெகுநேரம் கழித்தோ கூப்பிடுவேன் என்ற பொருளைத் தந்துவிடுகிறது. ‘அப்புறம்’ என்பதற்கு ஆங்கிலம் ‘லேட்டர்’: ‘ஐ வில் கால் யூ லேட்டர்’. ‘லேட்டர்’ என்பதில் தவறு செய்துவிட்ட தொனி ஏதும் இல்லை. 11 மணிக்கு வரச் சொன்னவரிடம் ‘ஐ வில் கம் லேட்’ என்றால் சொன்ன நேரத்தைக் கடைப்பிடிக்க மாட்டேன் என்று அறிவிக்கிறோம். ‘கேன் ஐ கம் லேட்டர்?’ என்றால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்கிறோம். ஓர் எழுத்து வேறுபாட்டில் கேட்பவரின் மதிப்பு மாறிவிடுவதால், இதைக் கவனமாகப் பழக வேண்டும்.

‘டூ லேட்’ என்பதிலும் இதைப் போன்ற ஒரு நுட்பம் உண்டு. “ரொம்ப லேட்டாயிடுச்சு” என்பதற்கு நாம் ‘வெரி லேட்’, ‘டூ லேட்’ இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பயன்படுத்துகிறோம். ‘வெரி லேட்’ தாமதத்தின் அளவை மட்டும் சொல்கிறது. ‘டூ லேட்’ என்றாலோ, காலம் கடந்துவிட்டது, இனி பயனில்லை என்ற முடிவும் அதற்குள் அடங்கியிருக்கிறது. சத்திரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போக வந்த ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து, வண்டி நகர்வதற்கு முன் ஏறிவிட்டார் என்றால், ‘ஐ வாஸ் வெரி லேட், பட் ஐ காட் தி ட்ரெயின்’ என்று சொல்லலாம். ‘ஐ வாஸ் டூ லேட்’ என்று அவர் தொடங்கினால், வண்டியைத் தவறவிட்டார் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். மருத்துவமனையில், வங்கியில், விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. ‘ஆம் ஐ லேட்?’ என்று கேட்டால் தாமதமாக வந்துவிட்டேனா என்று பொருள். ‘ஆம் ஐ டூ லேட்?’ என்று கேட்டால் இனி வாங்கிக்கொள்ள மாட்டீர்களா என்று பொருள்.

இனி, இச்சொல்லின் மிக நுட்பமான பகுதிக்கு வருகிறோம். ‘பீ’ வினைக்குப் பின்னால் நிற்காமல், ஒரு பெயர்ச்சொல்லுக்கு நேர் முன்னால் நிற்கும்போது, ‘லேட்’ எந்தப் பெயரைச் சார்ந்திருக்கிறதோ அதற்கேற்பப் பொருள் மாறுகிறது. ‘எ லேட் லஞ்ச்’ என்றால் நேரம் கழித்துச் சாப்பிட்ட மதிய உணவு. ‘எ லேட் ரிப்ளை’ என்றால் தாமதமான பதில். இவை எளியவை. ஆனால் ஒரு மனிதரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால், ‘மை’, ‘ஹிஸ்’, ‘தி’ போன்ற சொற்களைத் தொடர்ந்து ‘லேட்’ வந்தால், அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். ‘மை ஹஸ்பண்ட் இஸ் லேட்’ என்று ஒரு பெண் சொன்னால், கணவர் இன்னும் வந்து சேரவில்லை. ‘மை லேட் ஹஸ்பண்ட்’ என்று சொன்னால், கணவர் உயிருடன் இல்லை. தாமதமாக வரும் மேலாளரைப் பற்றி ‘மை லேட் மேனேஜர் வில் கால் யூ’ என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழையாகிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தாமதமாக வருகிறவரைக் குறிக்க வேண்டுமானால் ‘லேட்கமர்’ என்ற சொல் இருக்கிறது. இல்லையேல் ‘மை மேனேஜர் இஸ் லேட்’ என்று பயனிலையில் வைத்துச் சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளின் ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் லேட்’ என்ற வாக்கியமே ‘அவர் காலமாகிவிட்டார்’ என்ற பொருளில் வழங்குகிறது என்பதையும், அந்நாட்டவரோடு தொலைபேசியில் பேசும் வேலையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தப் பொருள் தமிழருக்குப் புதியதன்று. நம் திருமண அழைப்பிதழ்களில் மணமகனின் தாத்தா பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று அச்சிடும் வழக்கம் இருக்கிறது. ‘காலஞ்சென்ற’ என்று தமிழில் அச்சிடுவோரும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் பெயர் என்ற இடத்திலும் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று எழுதுகிறோம். அழைப்பிதழிலும் படிவத்திலும் அது தனியாக நிற்கலாம். முழு ஆங்கில வாக்கியத்தில் ‘தி லேட்’ என்று ‘தி’ சேர்த்து எழுதுவதே முறை. அண்மையில் மறைந்தவர்களுக்கும், நம் நினைவுக்கெட்டிய காலத்தில் வாழ்ந்தவர்களுக்குமே இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். பாடகி லதா மங்கேஷ்கர் 2022 பிப்ரவரி 6 அன்று மும்பையில் காலமானார். அவரை ‘தி லேட் லதா மங்கேஷ்கர்’ என்று குறிப்பிடுவது பொருத்தம். 1921-இல் மறைந்த பாரதியாரை ‘தி லேட் பாரதியார்’ என்று யாரும் எழுதுவதில்லை. அவர் உயிருடன் இல்லை என்பதை வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை அல்லவா. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறைந்தவர் உயிருடன் இருந்தபோது செய்த செயலைச் சொல்லும் வாக்கியத்தில் ‘லேட்’ சேர்த்தால் வாக்கியம் ஒட்டாமல் நிற்கும். ‘மை லேட் ஃபாதர் பாட் திஸ் ஹவுஸ்’ என்பது பேச்சில் பரவலாக வழங்கினாலும், செய்தி எழுதும்போது கவனமுள்ள ஆசிரியர்கள் அதைத் தவிர்ப்பார்கள்.

காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘லேட்’ அந்தக் காலத்தின் இறுதிப் பகுதியைக் காட்டும். தொடக்கத்துக்கு ‘ஏர்லி’, நடுவுக்கு ‘மிட்’, இறுதிக்கு ‘லேட்’. மும்பை மக்கள் மறக்க முடியாத பெருவெள்ளம் 2005 ஜூலை 26 அன்று வந்தது. அன்றைக்கு 24 மணி நேரத்தில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தேதி நினைவில்லாதவர் ‘இன் லேட் ஜூலை 2005’ என்றால் போதும். போரிபந்தரிலிருந்து தானேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது, அது ‘மிட்-ஏப்ரல்’. நூற்றாண்டுகளுக்கும் இதே முறைதான். 1878-இல் தொடங்கி 1888-இல் முடிந்த விக்டோரியா டெர்மினஸ் கட்டடம் ‘தி லேட் நைன்டீன்த் செஞ்சுரி’யைச் சேர்ந்தது. வயதுக்கு வந்தால், ‘ஹி இஸ் இன் ஹிஸ் லேட் ஃபார்ட்டீஸ்’ என்பவருக்கு 47, 48 அல்லது 49 வயது இருக்கும். இந்த இடங்களில் எதிலும் தாமதம் என்ற பொருள் சிறிதும் இல்லை. ஆனால் ‘தி மான்சூன் இஸ் லேட் திஸ் இயர்’ என்றால், ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பைக்கு வர வேண்டிய பருவமழை இன்னும் வரவில்லை என்று பொருள். அங்கே மறுபடியும் ‘பீ’ வினையும் தாமதமும் சேர்ந்து வந்துவிட்டன.

நள்ளிரவை நெருங்கும் நேரத்தைச் சொல்லும்போது ‘ஹி கேம் லேட் நைட்’ என்று எழுதுவதைத் தவிர்த்து, ‘ஹி கேம் லேட் அட் நைட்’ என்று எழுத வேண்டும். ‘எ லேட்-நைட் ட்ரெயின்’ என்று பெயருக்கு முன்னால் வரும்போது மட்டும் ‘அட்’ தேவையில்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘லேட்’ என்பதற்கு ‘மெதுவான’ என்ற பொருளே இருந்தது. அந்த வேரிலிருந்து ‘லேட்டஸ்ட்’, ‘லாஸ்ட்’ ஆகிய இரண்டும் கிளைத்தன. இன்றைக்கு இரண்டும் தனித்தனிப் பொருளில் நிற்கின்றன. ‘லேட்டஸ்ட்’ என்பது இதுவரை வந்தவற்றுள் புதியது. அடுத்து ஒன்று வரலாம். ‘லாஸ்ட்’ என்பது பெரும்பாலும் வரிசையின் முடிவு. இன்னும் நடித்துக்கொண்டிருக்கும் ஒரு நடிகரின் புதிய படத்தை ‘ஹிஸ் லாஸ்ட் ஃபிலிம்’ என்றால், இனி அவர் நடிக்க மாட்டார் என்று கேட்பவர் எண்ணக்கூடும். ‘ஹிஸ் லேட்டஸ்ட் ஃபிலிம்’ என்றால் அந்த ஐயம் எழாது. அலுவலக மின்னஞ்சல்களில் நாம் எழுதும் ‘லேட்டஸ்ட் பை ஃபைவ்’ என்ற தொடரும் திருத்தத்துக்குரியது. ‘பை ஃபைவ் அட் தி லேட்டஸ்ட்’ என்பது முழுமையான வடிவம். ‘நோ லேட்டர் தேன் ஃபைவ்’ என்றும் எழுதலாம்.

கடைசியாக, ‘லேட்’டுக்கும் ‘டிலே’வுக்கும் உள்ள வேறுபாடு. ‘டிலே’ பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும். பெயர்ச்சொல்லாக வருவதால், ‘லேட்’டுக்குக் கிடைக்காத ‘சாரி ஃபார்’ என்பதன் பின் இடம் இதற்குக் கிடைக்கிறது: ‘சாரி ஃபார் தி டிலே’. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதத் தாமதமானால் இந்தத் தொடரே பொருத்தமானது. நேரில் தாமதமாக வந்தால் ‘சாரி, ஐ ஆம் லேட்’. வினையாக வரும்போது, ஏதோ ஒன்று தடுத்துவைத்தது என்ற குறிப்பை ‘டிலே’ தருகிறது. ஆகவே வண்டி நின்றுபோனதால் வேலைக்குத் தாமதமாக வந்த ஒருவர், ‘டியூ டு லேட் ஆஃப் ட்ரெயின், ஐ லேட்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘மை ட்ரெயின் வாஸ் டிலேய்டு, ஸோ ஐ வாஸ் ட்வென்டி மினிட்ஸ் லேட்’ என்று எழுதலாம். முன்பாதி காரணத்தைச் சொல்கிறது. பின்பாதி விளைவைச் சொல்கிறது. எவ்வளவு நேரம் என்பதும் ‘லேட்’டுக்கு முன்னால் தன் இடத்தில் நிற்கிறது.